ஆய்விதழ் ஆசிரியரிடம் பேசப் போகிறீர்களா? இதழைக் கையோடு எடுத்துக்கொண்டு போங்கள்

காவிரிப் படுகையில் கொஞ்சம் விசாரித்தால் போதும், இலக்கியமோ கல்வெட்டோ சைவமோ, ஏதோ ஒரு துறை ஆய்விதழைப் பல வருஷம் பார்த்துக்கொண்ட ஒருவரைக் கண்டுபிடித்துவிடலாம். ஓய்வு பெற்ற தமிழ்ப் பேராசிரியராக இருப்பார், இல்லையென்றால் பகலில் கல்லூரி வேலை, இரவு பத்து மணிக்கு மேல் கட்டுரை திருத்தும் வேலை என்று இன்னும் ஓடிக்கொண்டிருப்பவராக இருப்பார். இவர்களிடம் உட்கார்ந்து, அவர்கள் செய்த வேலையைப் பற்றிப் பேசிப் பதிவு செய்ய வேண்டும், எப்படி ஆரம்பிப்பது என்று முனைவர் பட்ட மாணவர்கள் சிலரும் நூலகத்தில் இருக்கும் நண்பர் ஒருவரும் என்னைக் கேட்டார்கள். போனில் தனித்தனியாகச் சொன்னதை இங்கே மொத்தமாக எழுதிவிடுகிறேன்.

முதலில் எனக்கு நடந்தது, மற்றதெல்லாம் அதிலிருந்து வந்ததுதான். நான் முதன்முதலாகப் பேசப் போனது கும்பகோணத்தில் ஒரு பெரியவரிடம். இருபது வருஷத்துக்கு மேல் ஒரு காலாண்டிதழை நடத்தியவர். போய் உட்கார்ந்து, காபி குடித்து, ரெக்கார்டரைப் போட்டு, “ஐயா, உங்க இதழ் அனுபவத்தைச் சொல்லுங்க” என்றேன். இரண்டு மணி நேரம் பேசினார். பிறந்த ஊர், படித்த பள்ளிக்கூடம், யாரிடம் யாப்பு கற்றார், எந்த மாநாட்டில் பொன்னாடை போர்த்தினார்கள், எல்லாம் வந்தது. இதழ் மட்டும் வரவில்லை. கிளம்பும்போது பையிலிருந்த பழைய இதழ் ஒன்றை எடுத்து, ஒரு கையெழுத்து வாங்கிக்கொள்ளலாம் என்று நீட்டினேன். வாங்கியவர் கையெழுத்துப் போடவில்லை. நடுப்பக்கத்தைத் திருப்பி, ஒரு அடிக்குறிப்பில் விரலை வைத்து, “இந்த ஒரு வரிக்காக நான் பஸ் பிடிச்சுத் திருவையாறு போனேன் தம்பி” என்றார். அடுத்த முக்கால் மணி நேரம் வாசலில் நின்றபடியே அவர் சொன்னதுதான் நான் கேட்கப் போன விஷயம். ரெக்கார்டர் அப்போது பைக்குள் இருந்தது.

அதனால் இந்தக் குறிப்பு முழுக்க நான் திரும்பத் திரும்பச் சொல்லப்போவது ஒன்றைத்தான். வாழ்க்கையைக் கேட்காதீர்கள், பக்கத்தைக் கேளுங்கள். ஆய்விதழ் ஆசிரியரின் வேலை வெளியே தெரியாத வேலை. அவர் அடித்த வரி அச்சில் இருக்காது, அவர் திருப்பி அனுப்பிய கட்டுரை எங்கேயும் இருக்காது, அவர் சரிசெய்த பிழை சரியாகவே இருப்பதால் யார் கண்ணிலும் படாது. பொதுவாகக் கேட்டால் அவருக்கே ஞாபகம் வராது. ஆனால் பக்கத்தைக் கண்ணெதிரே விரித்துவிட்டால் வந்துவிடும். உ.வே.சாமிநாதையர் 1880இல் கும்பகோணம் கல்லூரியில் வேலைக்குச் சேர்ந்து, 1887இல் சீவகசிந்தாமணியைப் பதிப்பித்தார். ஏட்டுக்கு ஏடு ஒப்பிட்டு அவர் பட்ட பாடு இன்று நமக்குத் தெரிகிறதென்றால், அவரே உட்கார்ந்து எழுதி வைத்ததால் தெரிகிறது. ஆய்விதழ் நடத்தியவர்களில் அப்படி எழுதி வைத்தவர்கள் குறைவு. நாம் போய்க் கேட்காவிட்டால் அது அவர்களோடு போய்விடும்.

சரி, யாரிடம் போவது? அட்டையில் பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை மட்டும் பார்த்துப் போய்விடாதீர்கள். பல இதழ்களில் அது நிறுவனத் தலைவரின் பெயராகவோ துறைத்தலைவரின் பெயராகவோ இருக்கும். உள்ளட்டையில் பொறுப்பாசிரியர், இணையாசிரியர், பதிப்புக்குழு என்று சின்ன எழுத்தில் நாலைந்து பெயர் இருக்குமே, அதில் ஒருவர்தான் கட்டுரையைப் படித்து, ஆளுக்கு அனுப்பி, மெய்ப்புப் பார்த்து, அச்சகத்துக்கு நடந்தவர். பத்து வருஷ இதழை வரிசையாக வைத்துப் பாருங்கள், தலைவர்கள் மாறிக்கொண்டே இருப்பார்கள், ஒரு பெயர் மட்டும் மாறாமல் கீழேயே இருக்கும். அவரிடம் போங்கள். முடிந்தால் அந்த இதழுக்கு மெய்ப்புத் திருத்தியவர், அச்சுக்கோத்தவர், தட்டச்சு செய்த அம்மா என்று யாராவது இருந்தால் அவர்களையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். ஆசிரியர் மறந்ததை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

நம் பக்கத்து இதழ்கள் ஒன்றுபோல ஒன்று இல்லை, அதைத் தெரிந்துகொண்டு போக வேண்டும். கரந்தைத் தமிழ்ச் சங்கம் 1911இல் தொடங்கியது, அதன் தமிழ்ப்பொழில் 1925இல் வர ஆரம்பித்தது. அது சங்கம் நடத்தும் இதழ், அதற்கென்று ஒரு மொழிக்கொள்கையும் மரபும் உண்டு. ஆவணம் என்கிற இதழைத் தமிழகத் தொல்லியல் கழகம் தஞ்சாவூரிலிருந்து 1991 முதல் கொண்டுவருகிறது. புதிதாகக் கிடைத்த கல்வெட்டுகளின் வாசகம் அதில் வருவதால், அங்கே ஆசிரியர் வேலை என்பது வாசிப்பைச் சரிபார்க்கும் வேலை. சரசுவதி மகால் நூலகத்துக்கும் தனியாக ஒரு பருவ இதழ் உண்டு, அங்கே சுவடியிலிருந்து அச்சுக்கு வருவதுதான் விஷயம். பல்கலைக்கழகத் துறை நடத்தும் இதழ் என்றால் விதிமுறை, குழு, நிதி ஒதுக்கீடு என்று கதை வேறு மாதிரிப் போகும். சங்க இதழ் ஆசிரியரிடம் போய், பெயர் மறைத்து மதிப்பீடு செய்தீர்களா என்பதையே முதல் கேள்வியாகக் கேட்டால் அவருக்குக் கோபம்கூட வரலாம். அந்த முறை எல்லா இதழுக்கும் எல்லாக் காலத்திலும் இருந்ததில்லை.

இனி வீட்டுப்பாடம். நான் குறைந்தது மூன்று வருஷ இதழ்களையாவது படிக்காமல் யார் வீட்டு வாசலையும் மிதிப்பதில்லை. பழைய இதழ்கள் சங்க நூலகத்திலேயே இருக்கும், கல்லூரி நூலகங்களில் பைண்டு செய்து வைத்திருப்பார்கள், தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்திலும் நிறையப் பழைய இதழ்கள் ஏறியிருக்கின்றன. படிக்கும்போது கட்டுரைகளை அப்புறம் பார்க்கலாம். முதலில் கட்டுரை அல்லாததையெல்லாம் படியுங்கள். சந்தா விவரம், பிழைதிருத்தப் பட்டியல், “தவிர்க்க இயலாத காரணங்களால் இவ்விதழ் தாமதமாக வருகிறது” என்கிற பெட்டிச் செய்தி, இரண்டு மாத இதழைச் சேர்த்து ஒன்றாக வெளியிட்ட இடம், அச்சகத்தின் பெயர் திடீரென்று மாறிய இடம், பக்கம் 96இலிருந்து 64க்கு இறங்கிய வருஷம். ஒவ்வொன்றுக்குப் பின்னாலும் ஒரு சம்பவம் இருக்கும். உங்கள் கேள்விகளில் பாதி இங்கேயே கிடைத்துவிடும்.

இன்னொரு நல்ல கேள்விக்கு எழுத்தையே பாருங்கள். பெரியார் சொன்ன எழுத்துச் சீர்திருத்தத்தைத் தமிழக அரசு 1978இல் ஏற்றது. துதிக்கை வைத்த பழைய லை, னை போய் இப்போதிருக்கிற வடிவம் வந்தது. நீங்கள் பார்க்கிற இதழ் எந்த வருஷம், எந்த மாதம் மாறியது என்று புரட்டிக் கண்டுபிடியுங்கள். சிலது சீக்கிரம் மாறியிருக்கும், சிலது பிடிவாதமாகப் பல வருஷம் பழையதிலேயே நின்றிருக்கும், சிலதில் ஒரே இதழுக்குள் இரண்டும் கலந்து கிடக்கும். “ஐயா, இந்த இதழ் வரைக்கும் பழைய னை, அடுத்த இதழ்ல புதுசு. அந்த ரெண்டு மாசத்துல என்ன நடந்துச்சு?” என்று கேட்டுப் பாருங்கள். கொள்கையா, அச்சகத்தில் எழுத்து இல்லையா, குழுவில் சண்டையா, யார் ஒத்துக்கொள்ளவில்லை, எல்லாம் ஒரே மூச்சில் வரும். கிரந்த எழுத்து விஷயமும் இப்படித்தான். கட்டுரையாளர் ‘ஜ’ போட்டு அனுப்பியதை ‘ச’ ஆக்கி அச்சடித்த இதழ்கள் உண்டு. கட்டுரையாளரைக் கேட்டு மாற்றினார்களா, கேட்காமலா, அவர் பெயரிலேயே கிரந்தம் இருந்தால் என்ன செய்தார்கள் என்று கேளுங்கள்.

நேரம் கேட்பதில் ஊர்ப் பழக்கம் முக்கியம். முதலில் ஒரு கடிதமோ வாட்ஸப்போ, அப்புறம் போன். யார் பிள்ளை, எந்த ஊர், யாரிடம் படிக்கிறாய் என்று விசாரிப்பார்கள், அதற்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்லுங்கள், அந்த ஐந்து நிமிஷத்தில்தான் அவர் உங்களை எடைபோடுகிறார். நம் பக்கத்து ஆசிரியர்களில் நிலம் வைத்திருப்பவர்கள் இன்னும் உண்டு. ஜூன் 12 மேட்டூர் திறந்து தண்ணீர் வந்துவிட்டதென்றால் குறுவை வேலை, அப்புறம் சம்பா நடவு, தை மாதம் அறுவடை. அந்த நாட்களில் போனால் அவர் உடம்பு திண்ணையில் இருக்கும், மனசு களத்தில் இருக்கும். வேலையில் இருப்பவர் என்றால் விடைத்தாள் திருத்தும் வாரங்களைத் தவிர்த்துவிடுங்கள். பங்குனி, சித்திரை எனக்கு நன்றாக அமைந்திருக்கிறது, வெயில் அதிகம், ஆனால் ஆள் வீட்டில் இருப்பார். மார்கழியில் காலை நேரம் வேண்டவே வேண்டாம், கோயில் ஒலிபெருக்கி முழுக்க உங்கள் பதிவில் ஏறிவிடும்.

எத்தனை நேரம் ஆகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். நான் ஒரு அமர்வுக்கு ஒன்றரை மணி நேரம் என்று சொல்வேன், இரண்டு அமர்வு கேட்பேன். முதல் நாள் பேசியது இரவில் அவருக்குள் ஓடும், மறுவாரம் போகும்போது பரணிலிருந்து ஒரு கட்டை இறக்கி வைத்திருப்பார். கடிதக்கட்டு, கட்டுரையை வெளியிடலாமா என்று படித்துச் சொன்ன மதிப்பீட்டாளரின் குறிப்பு, பழைய மெய்ப்புத் தாள். அது கிடைப்பது இரண்டாம் அமர்வில்தான்.

என்ன கேட்பது என்பதுதான் இதில் பெரிய விஷயம், அதனால் இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

ஒரு கட்டுரையைத் தேர்ந்தெடுத்து, அது தபாலில் வந்த நாளிலிருந்து அச்சான நாள் வரைக்கும் என்னென்ன நடந்தது என்று கேளுங்கள். ஒன்றே ஒன்று போதும். முதலில் யார் படித்தார், எந்த இடத்தில் சந்தேகம் வந்தது, யாருக்கு அனுப்பினார், எத்தனை நாளில் திரும்பி வந்தது, கட்டுரையாளர் எதை ஒத்துக்கொண்டார், எதற்கு முறைத்தார். தஞ்சாவூர்ப் பக்கம் ஒரு ஆசிரியர் எனக்கு இப்படி ஒரு கட்டுரையைக் காட்டினார். ஒரு கோயிலுக்கு இரண்டு பேர் நிலம் கொடுத்த கல்வெட்டு. கட்டுரையாளர் படித்து எழுதியிருந்தபடி, ஒருவர் கொடுத்தது அரையே இரண்டு மா, இன்னொருவர் கொடுத்தது காலே ஒரு மா. கல்வெட்டின் கடைசியில் ‘ஆக நிலம் ஒரு வேலி’ என்று வருகிறது. கட்டுரையில் இது அப்படியே இருந்தது, மதிப்பீட்டாளர் இருவரும் நல்ல கட்டுரை, வெளியிடலாம் என்று எழுதிவிட்டார்கள். ஆசிரியர் மட்டும் மெய்ப்புப் பார்க்கும்போது கூட்டிப் பார்த்திருக்கிறார். வேலிக்கு இருபது மா. அரை என்றால் பத்து மா, அதோடு இரண்டு, பன்னிரண்டு. கால் என்றால் ஐந்து மா, அதோடு ஒன்று, ஆறு. மொத்தம் பதினெட்டு. ஒரு வேலிக்கு இரண்டு மா குறைகிறது. கல்லில் வெட்டியவன் கணக்கில் தப்புவிட மாட்டான் என்று இவருக்குத் தோன்றியிருக்கிறது. கட்டுரையாளரிடம் மைப்படி, அதாவது கல்வெட்டின் மேல் தாளை ஒற்றி மையில் எடுத்த படி, கேட்டு வாங்கி, ஜன்னலோரம் வைத்துப் பார்த்தால், அது காலே மூன்று மா. எட்டு மா. பன்னிரண்டும் எட்டும் இருபது. அந்த ஒரு எழுத்தை மாற்றிவிட்டு இதழை அச்சுக்கு அனுப்பினார். அச்சான இதழில் காலே மூன்று மா என்று அமைதியாக இருக்கிறது. நான் அந்தக் கட்டுரையை இரண்டு தடவை படித்திருக்கிறேன், அந்த வரியில் இப்படி ஒரு கதை இருப்பது எனக்குத் தெரியவே இல்லை. இந்த மாதிரி ஒன்று கிடைத்துவிட்டால் உங்கள் பயணச் செலவெல்லாம் தீர்ந்தது.

இதே வழியில் பின்னக் குறிகளைப் பற்றியும் கேட்கலாம். மா, காணி, முந்திரி எல்லாவற்றுக்கும் தமிழில் தனிக்குறி உண்டு, ஆனால் யூனிகோடில் அவற்றுக்கு இடம் கிடைத்தது 2019இல்தான். அதற்கு முன்னால் கல்வெட்டு வாசகத்தை அச்சடித்தவர்கள் என்ன செய்தார்கள்? ஒருவர் இடம் விட்டு அச்சடித்து, பிரதி பிரதியாகக் கையால் எழுதியதாகச் சொன்னார். இன்னொருவர் படமாக வெட்டி ஒட்டியதாகச் சொன்னார். எழுத்துருக் கதையையும் விட்டுவிடாதீர்கள். பாமினி எழுத்துருவில் தட்டியது ஒன்று, வானவில் எழுத்துருவில் தட்டியது ஒன்று என்று கட்டுரைகள் வந்து, எல்லாவற்றையும் எழுத்துரு மாற்றியில் போட்டு யூனிகோடாக்கும்போது ஒற்றும் கொம்பும் இடம் மாறிக் கிடக்கும். இன்றைக்கும் பல இதழ்களின் இணையப் பக்கத்தில் ‘கௌதமன்’ என்று தேடினால் சில கட்டுரை சிக்காது, ஏனென்றால் அங்கே ஒற்றைக்கொம்பு போட்டு, பக்கத்தில் ள என்ற எழுத்தைத் தட்டியிருப்பார்கள். கண்ணுக்கு ஒன்றுபோலத்தான் தெரியும், கம்ப்யூட்டருக்கு வேறு. இதைக் கண்டுபிடித்து ஒவ்வொன்றாக மாற்றிய ஆசிரியர்கள் இருக்கிறார்கள், யாரும் அவர்களிடம் இதைக் கேட்டதே இல்லை.

மதிப்பீட்டாளர் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது. முறைப்படி எழுதியவர் யார் என்று மதிப்பிடுகிறவருக்குத் தெரியக்கூடாது, மதிப்பிட்டது யார் என்று எழுதியவருக்கும் தெரியக்கூடாது. நம் துறைகளிலோ ஒரு தலைப்பில் வேலை செய்கிறவர்களே பத்துப் பேர், அதில் நாலு பேர் ஒரே ஆசிரியரிடம் படித்தவர்கள், மூன்றாம் பத்தியைப் படித்தாலே யார் நடை என்று தெரிந்துவிடும். அப்படியிருக்க இவர் எப்படிச் சமாளித்தார்? வேற்று மாநிலத்துக்கு அனுப்பினாரா, இலங்கைக்கு அனுப்பினாரா, தொல்லியல் கட்டுரையை இலக்கணக்காரருக்கு அனுப்பிப் பார்த்தாரா? கடுமையாக வந்த குறிப்பை அப்படியே கட்டுரையாளருக்குக் கொடுத்தாரா, தேன் தடவிக் கொடுத்தாரா? ஒரு அம்மா, மன்னார்குடிப் பக்கத்தில் ஒரு கல்லூரியில் இருந்தவர், மதிப்பீட்டாளரின் குறிப்பைத் தன் கையால் திரும்ப எழுதித்தான் அனுப்புவாராம், கையெழுத்தைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால். வசவை எடுத்துவிடுவேன், குறையை எடுக்க மாட்டேன் என்றார். இப்படி ஒரு பதில் வரும்போது குறுக்கே பேசாதீர்கள், அடுத்த கேள்விக்கும் தாவாதீர்கள். “ஒரு உதாரணம் சொல்லுங்கம்மா” என்று மட்டும் கேளுங்கள்.

நிராகரித்த கட்டுரைகளைப் பற்றிக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் “யாருடையதை நிராகரிச்சீங்க” என்று கேட்காதீர்கள். “திருப்பி அனுப்பினதுல இன்னைக்கும் மனசை உறுத்துறது ஏதாவது இருக்கா?” என்று கேளுங்கள். வெளியிட்டிருக்கக் கூடாது என்று பின்னால் நினைத்தது உண்டா என்பதையும் கேளுங்கள். இந்த இரண்டுக்கும் பதில் சொல்லச் சிலருக்கு ரொம்ப நேரம் ஆகும். மின்விசிறிச் சத்தம் மட்டும் கேட்கும், பரவாயில்லை, காத்திருங்கள்.

பணத்தைப் பற்றிக் கேட்கக் கூச்சப்பட வேண்டாம். எத்தனை பிரதி அச்சடித்தார்கள், எத்தனை சந்தாதாரர், ஆயுள் சந்தா கட்டியவர்கள் எத்தனை வருஷம் வாழ்ந்தார்கள், காகித விலை ஏறியபோது என்ன செய்தார்கள், தபால் செலவு யார் கையிலிருந்து போனது. இந்த ஊர்களில் பல இதழ்களுக்கு உறை ஒட்டி விலாசம் எழுதியது ஆசிரியர் வீட்டுப் பிள்ளைகளும் வீட்டம்மாவும்தான். அந்த அம்மா காபி கொண்டு வந்து வைக்கும்போது அவர்களிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள், சம்மதித்தால் பதிவிலும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இப்போது இதழ் நடத்துகிறவர் என்றால் பட்டியல் விவகாரத்தைத் தொடாமல் வர முடியாது. பல்கலைக்கழக மானியக் குழு, போலி ஆய்விதழ்கள் பெருகியதைத் தடுக்க யுஜிசி கேர் என்ற பட்டியலை 2019இல் நடைமுறைக்குக் கொண்டுவந்தது. அதில் இருக்கிற இதழில் வந்தால்தான் மதிப்பு என்றானது. முனைவர் பட்டத்துக்குக் கட்டுரை வெளியிட்டே ஆக வேண்டும் என்ற கட்டாயம் 2022 விதிகளில் போனது. 2025 பிப்ரவரியில் அந்தப் பட்டியலையே கைவிட்டார்கள், இதழைத் தேர்ந்தெடுக்கச் சில அளவுகோல்களை மட்டும் கொடுத்துவிட்டு அந்தந்த நிறுவனமே பார்த்துக்கொள்ளட்டும் என்றார்கள். இந்த மூன்று திருப்பமும் ஒரு சின்ன தமிழ் இதழின் மேசையில் எப்படி வந்து விழுந்தது என்று கேளுங்கள். பட்டியலில் இடம் கிடைத்த மாதம் எத்தனை கட்டுரை வந்தது, அதில் எத்தனை படிக்கும்படி இருந்தது, “சார், இந்த மாசமே வேணும், எவ்வளவு கட்டணும்” என்று போன் வந்ததா, என்ன பதில் சொன்னார். தன் இதழின் பெயரையே திருடி யாராவது போலி இணையதளம் நடத்தினார்களா என்பதையும் கேளுங்கள், பல நல்ல இதழ்களுக்கு அது நடந்திருக்கிறது. இந்தக் கேள்வியை முதல் அமர்வின் ஆரம்பத்தில் வைக்காதீர்கள். குற்றம் சாட்ட வந்ததாக நினைத்துவிட்டால் கதவு சாத்திவிடும். ஒரு மணி நேரம் கட்டுரைகளைப் பற்றிப் பேசிய பிறகு கேட்டால், அவரே மேசை டிராயரைத் திறந்து காட்டுவார்.

பதிவுக்கு வருவோம், சுருக்கமாகச் சொல்கிறேன். போனை ஏரோப்ளேன் மோடில் போடுங்கள், இன்னொரு கருவியிலும் பதிவு ஓடட்டும். மின்விசிறிக்கு நேர் கீழே உட்காராதீர்கள். ரொம்ப முக்கியமான ஒன்று, இதழைக் கையில் வைத்துக்கொண்டு பேசும்போது அவர் “இதோ இங்க பாருங்க, இதை இப்படி மாத்தினேன்” என்பார். மூன்று மாதம் கழித்துக் கேட்கும்போது ‘இங்க’ எங்கே என்று உங்களுக்கே தெரியாது. அதனால் அவர் விரல் வைக்கும்போதெல்லாம் நீங்கள் வாய்விட்டு, “1987 ஜூலை இதழ், பக்கம் 43, இரண்டாம் பத்தி” என்று சொல்லிவிடுங்கள். கொஞ்சம் செயற்கையாக இருக்கும், இரண்டு மூன்று தடவைக்கு அப்புறம் அவரே பக்க எண்ணைச் சொல்ல ஆரம்பித்துவிடுவார். கொண்டு போகிற இதழ் உங்கள் சொந்தப் பிரதியாகவோ ஜெராக்ஸாகவோ இருக்கட்டும், பென்சிலால் குறிக்க வசதி.

எதை வெளியிடக் கூடாது என்பதிலும் ஒரு முடிவோடு போங்கள். மதிப்பீட்டாளர் பெயர், நிராகரிக்கப்பட்டவர் பெயர் இரண்டையும் பேச்சு வேகத்தில் அவர் சொல்லிவிடுவார். அவர் சொன்னாலும் நீங்கள் எழுதாதீர்கள். அவர்களுக்கு ரகசியம் காப்பதாக வாக்குக் கொடுத்தது இதழ், அந்த வாக்கை உடைக்க நமக்கு உரிமை இல்லை. சாதி, மடம், கட்சி என்று துறைக்குள் நடந்த பழைய சண்டைகளும் வரும். பதிவை நிறுத்தச் சொன்னால் உடனே நிறுத்துங்கள், நிறுத்தியதை அவர் பார்க்கும்படி நிறுத்துங்கள். பேச்சு முடிந்ததும் எங்கே வெளியிடப் போகிறீர்கள், ஒலியை யாரிடம் ஒப்படைப்பீர்கள் என்று ஒரு பக்கத்தில் எழுதி இரண்டு பேரும் கையெழுத்துப் போட்டு, ஆளுக்கு ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.

எழுத்தாக்கும்போது பேச்சை ரொம்பவும் செந்தமிழாக்கிவிடாதீர்கள். “பார்த்தேன், சரியா வரல, தூக்கிப் போட்டுட்டேன்” என்பதில் இருக்கிற வேகம், “கட்டுரை ஏற்புடையதாக இல்லாமையால் நிராகரித்தேன்” என்பதில் இல்லை. அதே சமயம் வருஷம், ஊர், நூல் பெயர் எல்லாவற்றையும் இதழோடு ஒப்பிட்டுச் சரிபாருங்கள். நினைவில் இரண்டு மூன்று வருஷம் முன்னே பின்னே போவது சகஜம்.

முடித்த பிரதியை அவருக்குக் கட்டாயம் அனுப்ப வேண்டும். பிடிஎஃப் அனுப்பினால் பெரியவர்கள் போனில் பார்த்துவிட்டு ‘நன்று’ என்று ஒரு வார்த்தை போட்டுவிடுவார்கள். தாளில் அச்செடுத்து, ஓரம் தாராளமாக விட்டு, வரிக்கு வரி இடைவெளி கொடுத்து, உங்கள் விலாசம் எழுதி ஸ்டாம்ப் ஒட்டிய உறையோடு தபாலில் அனுப்புங்கள். தகவல் பிழையைத் திருத்தலாம், சொல்ல வேண்டாம் என்று தோன்றுவதை நீக்கலாம், மற்றபடி பேசியது பேசியபடி இருக்கட்டும் என்று மேலே ஒரு குறிப்பு எழுதிவிடுங்கள்.

அந்த மன்னார்குடி அம்மாவுக்கு 31 பக்கம் அனுப்பினேன். ஒன்பதாம் நாள் உறை திரும்பி வந்தது. 31 பக்கத்திலும் சிவப்பு மை. அவர் தன்னுடைய பதில் எதையும் மாற்றவில்லை, கருத்து எதையும் மென்மையாக்கவில்லை. என் கேள்விகளில் விட்டுப்போன ஒற்றுகளைப் போட்டிருந்தார். தான் 1994 என்று சொன்ன ஒரு இடத்தை அடித்து 1996 என்று எழுதி, எந்த இதழ், எந்தப் பக்கம் என்று ஓரத்தில் ஆதாரம் கொடுத்திருந்தார். பதினேழாம் பக்கத்தில் ஒரு வரிக்கு எதிரே மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி, கீழே பொடி எழுத்தில், “இதை நான் சொன்னேனா? ஒலியை இன்னொரு முறை கேட்கவும்.” கேட்டேன். அவர் சொல்லவில்லை. பக்கத்து அறையில் ஓடிய டிவி வாசகத்தை நான் அவர் வாயில் போட்டிருந்தேன்.

நூலகத்திலோ சங்கத்திலோ ஒலிக்கோப்பைக் கொடுக்கும்போது, இப்படித் திருத்தி வந்த தாள்களையும் சேர்த்துக் கொடுங்கள். கொடுப்பதற்கு முன்னால் வண்ணத்தில் ஸ்கேன் எடுத்துவிடுங்கள். பென்சில் குறிப்பு நிற்கும், சிவப்பு மை சீக்கிரம் மங்கிவிடும்.